ப்ரூஃப் அக்கா பதில்கள்: அதிரசத்துல 20 விழுக்காடு கழிவு!

போன இதழ்ல, எழுதினது ஒண்ணு படிச்சவங்களுக்குப் பட்டது வேற ஒண்ணுன்னு உங்க பக்கம் எதாவது நடந்திருந்தா அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். கேட்டதுதான் தாமதம், வாட்சாப் நிரம்பி வழியுது, அதுல முக்கால்வாசி கக்கூஸ் விஷயம், மீதி கால்வாசியை அச்சுல ஏத்தவே முடியாது. ஏத்த முடிஞ்சதுக்கு மட்டும் கீழ பதில் போட்டிருக்கேன். மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, நான் எல்லாத்தையும் படிச்சு நல்லாவே சிரிச்சேன், எடிட்டர்தான் விடல.

அக்கா, தீபாவளிக்கு "முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை 20 விழுக்காடு கழிவு"ன்னு பெரிய பேனர் அடிச்சு கடை வாசல்ல தொங்கவிட்டேன். தமிழ்நாட்டுல இருந்து டூர் வந்த பசங்க அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க. கழிவுன்னா டிஸ்கவுண்ட்தானே, இதுல என்ன சிரிப்பு?
– பலகாரக் கடைக்காரர், பிரிக்ஃபீல்ட்ஸ்

தம்பி, உங்க தமிழ்ல ஒரு குறையும் இல்ல. பள்ளிக்கூடத்துல கூட்டல் கழித்தல்னு படிச்சோமே அதே கழித்தல்தான், விலையில இருந்து கழிச்சா அது கழிவு. இங்க நம்ம மலேசியாப் பேப்பர்ல போலீஸ் சம்மன் அபராதத்துக்கு 50 விழுக்காடு கழிவுன்னு போட்டா யாரும் மூக்கைப் பொத்துறது இல்ல, ஓடிப்போய் லைன்ல நிப்பாங்க. தமிழ்நாட்டுல அதுக்கு தள்ளுபடின்னுதான் பழக்கம், அங்க கழிவுன்னா கழிவுநீர், கழிவறை, ஆலைக்கழிவு, வேற எதுவும் ஞாபகத்துக்கே வராது. அந்தப் பசங்க கண்ணுக்கு உங்க பேனர் எப்படித் தெரிஞ்சிருக்கும்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க, நெய் உருண்டையில 20 விழுக்காடு கழிவு. மீதி 80 என்னன்னு உள்ள வந்து கேக்காம போனானுங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

இதே வரியை ஒரு சேலைக்கடைக்காரர் போட்டிருந்தா சிரிப்பு பாதியா குறைஞ்சிருக்கும், டயர் கடையில போட்டா சிரிப்பே வராது. சாப்பாட்டுப் பேருக்குப் பக்கத்துல, நடுவுல ஒரு சொல் கூட இல்லாம, அது போய் ஒட்டி உக்காந்ததுதான் வினை. பால் டப்பாவுல 3 விழுக்காடு கொழுப்புன்னு போட்டிருக்கும் பாருங்க, அந்த மாதிரி இதுவும் உள்ள என்ன கலந்திருக்குங்கற கணக்கா போயிருச்சு. "விலையில் 20 விழுக்காடு கழிவு"ன்னு போடுங்க, இல்ல "விலைக்கழிவு"ன்னு சேர்த்து எழுதுங்க, முடிஞ்சது. தள்ளுபடின்னு மாத்திருங்கன்னு சில பேர் யோசனை சொல்லுவாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல, டூர் வந்தவன் சிரிக்கிறான்னு நம்ம ஊர்ச் சொல்லை நாமளே எதுக்குத் தள்ளுபடி பண்ணணும்? அது சரி, அவ்வளவு கூட்டம் கூடுச்சே, முறுக்கு வித்துச்சா இல்லையா, அதை எழுதவே இல்லையே நீங்க.

அக்கா, நான் திருச்சிப் பொண்ணு, கல்யாணம் ஆகி பட்டர்வொர்த் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. எங்க அத்தை தினம் ராத்திரி ஃபேமிலி குரூப்ல ஒரு ரோஜாப்பூ படத்தைப் போட்டு கீழ இங்கிலீஷ் எழுத்துல "செலாமட் மலம்"னு அனுப்புறாங்க. "பசார் மலம் போலாமா அண்ணி"ன்னு கொழுந்தனார் வேற கேக்குறாரு. எனக்கு பதில் போடவே கை வரல.
– புது மருமக, பட்டர்வொர்த்

தங்கச்சி, உங்க அத்தை குட் நைட்தான் சொல்றாங்க, பாவம். மலாய்ல மாலாம்னா ராத்திரி, பாசார் மாலாம்னா ராத்திரிச் சந்தை. ரோமன் எழுத்துல குறில் நெடில் தெரியாதுல்ல, எம் ஏ எல் ஏ எம்னு பார்த்ததும் நம்ம தமிழ் மூளை நேரா கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போயிரும். அதனாலதானோ என்னவோ இங்க பொறந்து வளர்ந்தவங்க மாலாம்னு நல்லா இழுத்துத்தான் சொல்லுவோம், தமிழ்ப் பேப்பர்லயும் பாசார் மாலாம்னு நெடில் போட்டுத்தான் வரும். ஒரு தடவை குறில்ல வந்துச்சுன்னு வைங்க, "பசார் மலத்தில் சுடச்சுட அப்பம் பாலிக்"னு தலைப்பு, அப்பம் பாலிக் விக்கிறவன் கதி என்ன ஆகுறது?

பழகிக்குங்க, இன்னும் நிறைய இருக்கு. சூசுன்னா மலாய்ல பால், டின் மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கும், பிள்ளைங்க போற சூச்சூ இல்ல அது. தாலின்னா கயிறு, ஹார்ட்வேர் கடைல மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க, எத்தனை மீட்டர் வேணும்னு வேற கேப்பாங்க. அத்தைக்கு "செலாமட் மாலாம் அத்தை"ன்னு தமிழ் எழுத்துல நெடில் போட்டு அனுப்பிருங்க, உங்க மனசும் உறுத்தாது. விளக்கம் மட்டும் சொல்லப் போயிராதீங்க, ஒரு தடவை காதுல விழுந்துட்டா அப்புறம் அவங்களால அந்த ரோஜாப்பூவை நிம்மதியா அனுப்பவே முடியாது.

பள்ளிக்கூட பிக்னிக் நோட்டீஸ்ல "பீச்சுக்குப் போகிறோம்"னு எழுதலாமா, கடற்கரைன்னு எழுதணுமா?
– பெற்றோர் சங்கத்துக்காரர், ஆயர் ஈத்தாம்

கடற்கரைன்னே எழுதுங்க. பஸ் நிறைய பிள்ளைங்க, காலைல சம்பால் போட்ட நாசி லெமாக் வேற சாப்பிட்டிருக்கும், பத்து ஃபெரிங்கி ரோடு பூரா வளைவு, வாக்கு பலிச்சிரப் போகுது.

எங்க கோயில்ல குழாய்க்கு மேல "கால் கழுவும் இடம்"னு புதுசா போர்டு மாட்டினோம். வெள்ளிக்கிழமை பூஜை நேரத்துல ஒரு பாட்டி பேரனை இழுத்துட்டு வந்து அங்கயே டவுசரைக் கழட்டி உக்கார வச்சுட்டாங்க. ஏன் பாட்டின்னா "நீங்கதானேப்பா எழுதி வச்சிருக்கீங்க"ங்கறாங்க. கமிட்டில ஒரே சண்டை, பாட்டியைக் கூப்பிட்டுக் கண்டிக்கணும்னு பாதி பேரு, போர்டைக் கழட்டணும்னு பாதி பேரு.
– கமிட்டிச் செயலாளர், செந்தூல்

பாட்டியைக் கண்டிக்காதீங்க சார், பாட்டி இலக்கணப்படி நடந்திருக்காங்க. கால் கழுவிட்டு வர்றேன்னு சொன்னா வெளிக்குப் போயிட்டு சுத்தம் பண்ணிட்டு வர்றேன்னு அர்த்தம், சொல்லக் கூசுறதை வேற சொல்லால மறைச்சுச் சொல்றதுக்கு இடக்கரடக்கல்னு ஒரு பாடம் இருக்குல்ல, வாத்தியாருங்க அதுக்குக் குடுக்கற உதாரணமே இதுதான். தோட்டத்துல வளர்ந்த பாட்டிங்ககிட்ட பிள்ளைக்குக் கால் கழுவி விடுங்கன்னு சொல்லிப் பாருங்க, பாதத்தை யாரும் தொட மாட்டாங்க. உங்க போர்டு எழுதினவரு சின்ன வயசா இருப்பாரு, அவருக்குக் கால்னா கால்.

நான் கேக்குறது வேற. கோயில்ல கழிப்பறை எந்தப் பக்கம்னு காட்டுற போர்டு ஒண்ணு இருக்கா? இருந்திருக்காதுன்னு பந்தயம் கட்டுறேன். நம்ம கோயில் மண்டபம் பல இடத்துல அது சமையல்கட்டைத் தாண்டி, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி வச்ச சந்துக்குள்ள போய், கேஸ் தோங் நிக்கிற இடத்துல திரும்பினா இருக்கும், கதவுல ஒண்ணும் எழுதியிருக்காது, எழுதியிருந்தாலும் கதவு எப்பவும் திறந்து கிடக்கும், எழுத்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கும். பேரன் ரெண்டு காலையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் துள்ளுறான், பாட்டிக்கு வயசு, கண்ணுக்குப் பட்ட ஒரே போர்டு உங்களோடது, பக்கத்துல தண்ணியும் வருது, அவங்க வேற என்ன பண்ணுவாங்க? இருக்க வேண்டிய போர்டு இல்லன்னா இருக்கற போர்டுதான் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும். அதனால முதல்ல கழிப்பறைக்கு அம்புக்குறி போட்டு எழுதுங்க, மலாய்ல தண்டாஸ்னும் சேர்த்துப் போடுங்க, அது எல்லாருக்கும் தெரியும். இந்தக் குழாய்க்கு மேல "பாதம் கழுவும் இடம்"னு மாத்திருங்க. ஆமா, குழாயடியைத் தேய்ச்சுக் கழுவினீங்களா? யார் கழுவுறதுங்கறதுல பாதிப் பாதியா பிரிஞ்சு நிக்காதீங்க.

வணக்கம். ஒரு குடும்பப் பத்திரிகையில் மலஜலம் பற்றிய வேடிக்கைப் பேச்சுகள் தேவையா? என் பேத்தியும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.
– ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர், புக்கிட் மெர்தாஜம்

வணக்கம் ஐயா. பேத்தி படிக்கிறான்னு கேக்கவே சந்தோஷமா இருக்கு, முதல்ல அவதான் சிரிச்சிருப்பா.

இது அசிங்கம் பேசுறது இல்லங்கய்யா, அசிங்கத்தை எப்படிப் பேசக்கூடாதுங்கறதுல நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப காலமா அக்கறை உண்டு. சபையில சொல்லத் தகாத சொல்லை அவையல் கிளவின்னு தொல்காப்பியத்துலயே தனியா பேர் வச்சு, அதை மறைச்சுச் சொல்லணும்னு விதி போட்டாச்சு, 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவரு நன்னூல்ல இடக்கரடக்கல்னு அதுக்கு ஒரு இடம் குடுத்திருக்காரு. அந்த மறைப்புதான் பின்னாடி மாட்டி விடுது. ஒண்ணுக்கு, ரெண்டுக்குன்னு நாகரிகமா நம்பர் போட்டோம், இப்ப மினி மார்க்கெட்காரன் "ஒன்றுக்கு இரண்டு இலவசம்"னு எழுதி ஒட்டுறான், நான் என்னத்தைச் சொல்ல? மலாய்க்காரங்க பாருங்க, புவாங் ஆயர் கெச்சில், புவாங் ஆயர் பெசார்னு, சின்ன தண்ணி பெரிய தண்ணின்னு, அவங்களும் அளவு வச்சே பிரிச்சிருக்காங்க.

கக்கூஸ்னு சொன்னா இப்ப மூஞ்சியைச் சுளிக்கிறோம், அது டச்சுக்காரன் கக்ஹுயிஸ்ங்கற சொல்லுல இருந்து வந்தது. டச்சுக்காரங்க மலாக்காவைப் பிடிச்சது 1641ல, நாகப்பட்டினத்தைப் பிடிச்சது 1658ல. அதே நாகப்பட்டினத்துல கப்பல் ஏறித்தான் நம்ம தாத்தா பாட்டிங்க பல பேரு பினாங்குல வந்து இறங்குனாங்க. இறங்கிப் பார்த்தா மலாய்லயும் காக்குஸ்னு அதே சொல். கடல் தாண்டியும் அந்த ஒரு விஷயத்துக்கு அலையாம தப்பிச்சிருப்பாங்க.

சிலேடை வேற, இது வேறங்கய்யா. காளமேகப் புலவரு பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து ஒரே வெண்பா பாடினாரு, அதுல பிண்ணாக்குன்னு ஒரு சொல், எள்ளுக்கு அது புண்ணாக்கு, பாம்புக்குப் பிளந்த நாக்கு, ஒவ்வொரு சொல்லும் தெரிஞ்சு வச்சது. நம்ம பேனர்காரரு தெரியாம வைக்கிறாரு. மேடையில பொம்பளைங்களை வச்சு வேணும்னே ரெட்டை அர்த்தம் பேசிக் கைதட்டு வாங்குறாங்களே, அதுக்கு இந்தப் பக்கத்துல இடம் கிடையாது, அந்த மாதிரி வந்த கடுதாசி எல்லாம் குப்பைக்குப் போயிருச்சு. நெய் உருண்டைக்குச் சிரிக்கலாம், தப்பில்ல.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கடையெழு வள்ளல்கள் பாடம் எடுக்கவே பயமா இருக்கு அக்கா. பாரி, ஓரி, காரி வரைக்கும் ஒழுங்கா போகுது, "ஆய்"னு சொன்னதும் வகுப்பே உருண்டு புரளுது. "டீச்சர், ஆய் என்ன குடுத்தாரு"ன்னு ஒருத்தன் கேட்டான், நானே சிரிச்சிட்டேன்.
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பிறை

சிரிக்கட்டும் டீச்சர், ஒரு நிமிஷம் விட்டுப் பிடிங்க. அடக்க அடக்க அதிகமாகும், அதுக்கும் இதுக்கும் சுபாவம் ஒண்ணுதான். அப்புறம் முழுப் பேரைச் சொல்லுங்க, வேள் ஆய் அண்டிரன், பொதிகை மலைப் பக்கத்துத் தலைவன். தனக்குக் கிடைச்ச நீல நிற உடையைக் கொண்டு போய் ஆலமரத்தடியில இருக்கற சாமிக்குப் போர்த்தினவன். இன்னிக்குக் குடுத்தா நாளைக்கு மறுபிறவியில திரும்பக் கிடைக்கும்னு கணக்குப் போட்டு தர்மம் பண்ற வியாபாரி இல்ல அவன்னு முடமோசியார் பாடியிருக்காரு. இதைச் சொல்லிட்டீங்கன்னா அந்தப் பையனுக்கு "என்ன குடுத்தாரு"க்கு நேரா பதில் கிடைச்சிரும், பரீட்சையிலயும் மறக்க மாட்டான், பாரியைக் கூட மறப்பான் ஆய் அண்டிரனை மறக்கவே மாட்டான்.

கேள்வித்தாள்ல மட்டும் கவனமா இருங்க. "ஆய் எங்கிருந்து வந்தார்" மாதிரி எழுதிராதீங்க, பரீட்சை ஹால்ல யாராலயும் அமைதியைக் காப்பாத்த முடியாது. ஆய்வுக்கூடம்னு கதவுல ரெண்டு வரியா உடைச்சு எழுதி வச்சிருக்கற பள்ளிக்கூடமும் இருக்கு, அதையும் போய்ப் பார்த்துட்டு வந்துருங்க.

மலாய்ல மச்சத்துக்கு தாஹி லாலாட்டாம், ஈப்பீ. எரிநட்சத்திரத்துக்கு தாஹி பிந்தாங், நட்சத்திரப்பீ. ஏன் அக்கா இப்படி?
– மூன்றாம் படிவ மாணவன், ஜெலுத்தோங்

நீ என்னமோ அவங்க மட்டும்தான்ங்கற மாதிரி கேக்குற, காதுக்குள்ள இருக்கறதை உங்க பாட்டி என்னன்னு சொல்லுவாங்க? காதுப்பீ. மலாய்லயும் அது தாஹி தெலிங்கா, சொல்லுக்குச் சொல் அதேதான். ஒண்ணுல இருந்து உதிர்ந்து விழறது, ஒதுங்குறது எல்லாத்துக்கும் அந்தப் பேரையே வச்சிருக்காங்க, நட்சத்திரத்துல இருந்து விழுந்தா அதுவும் அந்தக் கணக்குலதான். ரோட்டோரம் மஞ்சளும் சிவப்புமா கொத்துக் கொத்தாப் பூக்குமே உண்ணிச்செடி, அதுக்கு மலாய்ல பூங்கா தாஹி ஆயாம், கோழிப்பீப் பூ, கசக்கி மோந்து பாரு தெரியும். தமிழ்ல பீநாறின்னு ஒரு மரமே இருக்கு, பூ பூத்தா தெருவுல நடக்க முடியாது, அதுக்கு விஞ்ஞானிங்க வச்ச லத்தீன் பேரு ஸ்டெர்குலியா ஃபெட்டிடா, ஸ்டெர்கஸ்னா சாணம், ஃபெட்டிடான்னா நாறுறது. ஐரோப்பாக்காரனும் மோந்து பார்த்துட்டு அதையேதான் எழுதியிருக்கான். பெருங்காயத்தை இங்கிலீஷ்ல பேய்ச்சாணம்னு சொல்றதை அம்மாகிட்ட சொல்லிராத, சாம்பார் வைக்க மாட்டாங்க.

எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட இனிஷியலையும் பேரையும் சேர்த்துப் படிச்சா ஒரு மாதிரி வருது. பேரை எழுத வேண்டாம்னு நினைக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போறாரு, சொல்லலாமா வேண்டாமா?
– சக ஊழியர், கோலாலம்பூர்

பேரை எழுதாம விட்டீங்களே, நல்ல மனசு. நானும் இட்டுக்கட்டின ஒண்ணை வச்சே சொல்றேன், அப்பா பேரு மூக்கன், பிள்ளை பேரு திரவியம்னு வைங்க, மூ. திரவியம், வேகமா படிங்க. அந்தப் புள்ளிக்கு அவ்வளவு சக்தி எல்லாம் கிடையாது, அதால ரெண்டையும் பிரிச்சு வைக்க முடியாது.

நீங்க சொல்லித்தான் அவருக்குத் தெரியணும்னு இல்ல, ஒண்ணாம் வகுப்புல வருகைப்பதிவு எடுத்த நாள்ல இருந்து அவரு இதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு. அதனால ஆபீஸ்ல நாலு பேரு முன்னாடி எடுக்காதீங்க. பத்திரிகையில "மூக்கன் மகன் திரவியம்"னு முழுசா போட்டா அழகா இருக்குமேன்னு அலங்காரத்துக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க. நம்ம ஐசி, அதான் அடையாள அட்டை, அதுலயே அப்பா பேரு முழுசாத்தானே இருக்கு, இனிஷியலைக் கட்டிக்கிட்டு அழணும்னு இந்த நாட்டுல ஒரு கட்டாயமும் இல்ல. பேனர்ல இருக்கற தப்புக்கு எவ்வளவு வேணா சிரிங்க, ஆள் பேருக்கு மட்டும் வேண்டாம், அதை அவரு எழுதல, அவருக்கு வச்சது.

தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை அடிவாரத்துல எங்க நண்பர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். "பக்தர்களுக்கு இனிப்பு நீர் இலவசமாக வழங்கப்படும்"னு பேனர். ஒரு அம்மா வந்து "எனக்கு ஏற்கனவே இருக்குப்பா"ன்னுட்டுப் போனாங்க.
– பந்தல் பொறுப்பாளர், பினாங்கு

அந்த அம்மா கையைப் பிடிச்சு ஒரு முத்தம் குடுக்கணும் போல இருக்கு. இதை வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னா புரியாது, நம்ம பக்கம் இனிப்பு நீர்னா நீரிழிவு. மலாய்ல கென்சிங் மானிஸ், இனிப்பு மூத்திரம், அதை நாகரிகமா எடுத்துக்கிட்டு இனிப்பு நீர்னு வச்சுக்கிட்டோம், கிளினிக்ல "உங்களுக்கு இனிப்பு நீர் எத்தனை வருஷமா"ன்னுதான் கேப்பாங்க. எலி மூத்திரத்தால வர்ற காய்ச்சலுக்கு மலாய்ல கென்சிங் தீக்குஸ், அதை மட்டும் யாரும் நாகரிகமாக்கல, எலிதானேன்னு விட்டுட்டோம்.

நீங்க பேனர்ல நல்ல தமிழ் எழுதணும்னு ஆசைப்பட்டீங்க, அதான் நடந்தது. எல்லாரும் சிராப்னுதானே சொல்றோம், ரோஸ் சிராப் தண்ணின்னு எழுதியிருந்தா குழந்தை கூட ஓடி வந்திருக்கும். நம்ம தெருவுல இதுதான் அதிகம் நடக்குது, பேசுற சொல் கொச்சைன்னு நினைச்சு அதை விட்டுட்டு மரியாதையா ஒரு சொல்லைத் தேடிப் போவாங்க, அங்க ஏற்கனவே வேற ஒருத்தரு குடியிருப்பாரு. காவடி எடுத்து வெயில்ல நடந்து வந்தவங்களுக்கு நீரிழிவை இலவசமா, அதுவும் பிளாஸ்டிக் கப்புல. இதுல இன்னொரு சங்கடம், சிராப்ல சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருப்பீங்க, பேனர்ல எழுதினது ஒரு வகையில உண்மையும் கூட. அடுத்த வருஷம் மோரும் வைங்க.

நான் கார்டு, மெனு, பேனர் டிசைன் பண்றேன். தமிழ் பேசுவேன், படிக்க வராது. கஸ்டமர் அனுப்புறதை அப்படியே ஒட்டுறேன். இந்த மாதிரி வந்தா எனக்கு எப்படித் தெரியும்?
– டிசைனர், பங்சார்

உங்களை மாதிரி நிறைய பேரு இருக்காங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல, ஆனா கத்துக்குங்க, ரொம்ப கஷ்டம் இல்ல. அதுவரைக்கும் ஒரு காரியம், உங்க இஷ்டத்துக்கு வரியை உடைக்காதீங்க. தமிழை உடைக்கிற இடத்துலதான் பாதி விபத்து. மெனுவுல பீஹூன் கோரேங்னு குடுத்திருப்பாங்க, கட்டம் பத்தலன்னு "பீ" மேல, "ஹூன்" கீழ போயிரும், பக்கத்துல 6 வெள்ளின்னு விலை வேற. இரங்கல் கார்டுல மலரஞ்சலி, "மல" ஒரு வரி, "ரஞ்சலி" அடுத்த வரி, செத்தவரு எழுந்து வந்து கேப்பாரு. புள்ளி வச்ச எழுத்து வரியோட ஆரம்பத்துல வரவே கூடாது, இது தமிழ் படிக்கத் தெரியாதவங்க கூட கண்ணால பார்த்தே பிடிக்கலாம், தலையில புள்ளி இருந்தா மேல் வரிக்கு ஏத்திருங்க.

அப்புறம் கஸ்டமர்கிட்டயே காட்டி ஓக்கே வாங்கறதுல பிரயோஜனம் இல்ல. அவரு கண்ணு பேப்பரைப் படிக்காது, அவரு மனசுல நினைச்சதைத்தான் படிக்கும், எத்தனை தடவை காட்டினாலும் ஓக்கேம்பாரு. விஷயமே தெரியாத ஒரு ஆள் வேணும். பத்து வயசுப் பையன் கிடைச்சா அவன்தான் பெஸ்ட், கையில குடுத்து சத்தமா படிடான்னு சொல்லுங்க, எந்த இடத்துல சிரிக்கிறானோ அந்த இடத்துல பேனாவை வைங்க. அவனுக்கு ஒரு மைலோ வாங்கிக் குடுத்தா போதும், பேனரைத் திரும்ப அடிக்கிற காசுக்கு அது ஒண்ணுமே இல்ல. மூணு வரி இருந்தா ஒவ்வொரு வரியையும் தனியா மறைச்சு மறைச்சுப் படிக்கச் சொல்லுங்க, ரோட்டுல காடி ஓட்டிட்டுப் போறவன் முழு வாக்கியமா படிக்க மாட்டான், கண்ணுல பட்ட ஒரு வரியோட போயிருவான்.

தெரிஞ்சே இப்படிப் பேர் வச்சவங்க இருக்காங்களா?
– வாசகி, சுங்கை டுவா

பக்கத்துலயே இருக்காரு, சிங்கப்பூர்ல ஜாக் சிம். 2001 நவம்பர் 19ல உலகக் கழிப்பறை அமைப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு, இங்கிலீஷ்ல சுருக்கினா டபிள்யூ டி ஓ, உலக வர்த்தக நிறுவனத்துக்கும் அதே மூணு எழுத்து. வேணும்னேதான் வச்சாரு, பேப்பர்காரங்க சிரிச்சுக்கிட்டே எழுதினாங்க, எழுதினது உலகம் பூரா போச்சு. 2013ல ஐ.நா. அந்த நவம்பர் 19ஐயே உலகக் கழிப்பறை தினம்னு அறிவிச்சிருச்சு. இன்னமும் கழிப்பறை இல்லாம கோடிக்கணக்கான சனங்க இருக்காங்க, அதைப் பத்தி மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிட்டுப் பேசியிருந்தா யாரு காது குடுத்திருப்பா?

அக்கா, நாங்க உறுமி மேளம் குரூப். எங்க குரூப் பேர்ல "குசும்பு"ன்னு வருது. ஜிப் வச்ச ஜாக்கெட்ல நெஞ்சுக்கு நேரா பெருசா அடிக்கலாம்னு இருக்கோம், ஓக்கேவா?
– குரூப் லீடர், பத்து கேவ்ஸ்

தம்பி, ஜிப் எங்க வருதுன்னு ஒரு தடவை கையை வச்சுப் பாருங்க. நாலு எழுத்து, நட்ட நடுவுல ஜிப், ஒரு பக்கம் ரெண்டு எழுத்து, இன்னொரு பக்கம் ரெண்டு எழுத்து. ஜிப்பைத் திறந்துட்டா "ம்பு" ஒரு ஓரமா அக்குள் பக்கம் மடங்கிப் போயிரும், இந்தப் பக்கம் நெஞ்சுல "குசு" மட்டும் தனியா நிக்கும். இருபது பேரு வரிசையா நின்னு உறுமி அடிக்கிறீங்க, எல்லாரு நெஞ்சுலயும் அதுவே, உறுமிச் சத்தம் வேற தோதா இருக்கும்.

முதுகுல அடிங்க. முன்னாடி சின்னதா லோகோ மட்டும் போதும். ஏற்கனவே அடிச்சு வாங்கிட்டீங்கன்னா ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏத்திக்கிட்டு மேளம் அடிங்க. பத்துமலை வெயில்ல வேர்க்கும்தான், வேற வழி இல்ல.